கடைசி வார்டு அறிக்கை

அன்புள்ள அக்காவுக்கு,

மாநகராட்சியின் கடைசி வார்டான நம் ஊரைப் பற்றி அறிக்கை எழுதி முடித்துவிட்டேன். நகரத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் பாதிக்கு மேல் வயல். பேருந்து வரும், தெருவிளக்கு எரியாது. வெளியாட்களிடம் அன்பாகப் பழகும் மக்கள்.

அறிக்கையின் அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

முந்தாநாள் வார்டைப் பார்வையிட என் அதிகாரியோடு வந்தேன். எங்களைப் பார்த்ததும் நீ சேற்றுக் காலோடு வரப்பில் ஓடி வந்தாய். "தெரிஞ்சவங்களா?" என்று அதிகாரி கேட்டார். நான் நகரத்து நடுவில் பிறந்து வளர்ந்தவன் என்று அலுவலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். "இல்ல சார்" என்றேன். உன் காதில் விழுந்துவிட்டது. தம்பி என்று கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே விழுங்கிக்கொண்டாய்.

அதோடு விட்டேனா? நான் நீச்சல் பழகிய கிணற்றைக் காட்டி, "யாரோட கிணறும்மா இது?" என்று உன்னிடமே கேட்டேன்.

"எங்கப்பா வெட்டுனது சார்."

அதிகாரிக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னிடமும் நீட்டினாய். "வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க சார்."

திரும்பும் வழியெல்லாம் அவர் உன்னைப் புகழ்ந்தார். அந்த வரியை எழுதச் சொன்னதும் அவர்தான்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. பதில் போட்டால் மட்டும், "டேய்" என்று ஆரம்பி அக்கா.

இப்படிக்கு,
உன் தம்பி