திரும்பினால் வேகம் குறையும்

இன்று காலை எங்கள் தெருமுனையில் காதுகுத்துக்காக ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். புது ஃப்ளெக்ஸின் வாடை மூக்கில் ஏறியதும் உன் மொட்டைமாடி ஞாபகம் வந்துவிட்டது. கட்சிக்காரர்கள் கழற்றிப் போட்ட பேனரைத் திருப்பி விரித்து, வெள்ளைப் பக்கத்தில் மார்க்கரால் தேன்கூடு மாதிரி கட்டம் போட்டு வைத்திருந்தாய். எத்தனை வெயிலில் கிடந்தும் அந்த வாடை போகவில்லை. அந்த பேனர்தான் நமக்கு வானம்.

பழைய புத்தகக் கடையில் கிடைத்த விமானச் சண்டை ஆட்டம் அது. பெட்டியில் விமானங்கள் இல்லை, சோடா மூடிகளைப் பறக்கவிட்டோம். விதிகள் எளிமையானவை: பகடை உருட்டு, நகர்த்து, சுடு. முதல் நாளே உனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இன்னா மச்சான் இது, பிளேனா ஷேர் ஆட்டோவா? நெனச்ச எடத்துல வளைச்சுகினு போவுது!"

அன்றிலிருந்து விதிகளைச் சேர்க்க ஆரம்பித்தாய். திரும்பினால் வேகம் குறையும். வேகம் வேண்டுமென்றால் உயரத்தை இழந்து கீழே பாய வேண்டும். மறுபடி மேலே ஏற எரிபொருளைச் செலவழிக்க வேண்டும். அது தீர்ந்தால் யாரும் சுடாமலேயே விழுவாய். ஒரு மூடியை நகர்த்த இவ்வளவு கணக்கா என்று நான் கத்துவேன்.

"நெஜமா இருக்கணும்டா. சும்மா சுட்டுகினு இருக்க நாம இன்னா சின்னப் பசங்களா?"

நம் அப்பாக்கள் ஆவடித் தொழிற்சாலையில் நிரந்தர வேலை பார்த்தவர்கள். அவர்கள் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வெள்ளானூரில் வாடகைக்கு வந்தோம். நமக்குக் கிடைத்தது அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அதே மிஷின், அதே சூடு, பக்கத்தில் நிற்கும் நிரந்தரக்காரருக்கு மட்டும் வேறு சீருடை. ஆட்டத்திலாவது ஏன் விழுந்தோம் என்று தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு நேராக ஆட வந்தாய். கண்கள் சிவந்திருந்தன. நான் ஒரு விதி சொன்னேன்: பைலட்டுக்கும் களைப்பு வரட்டும், களைத்தவனின் குறி தப்பட்டும்.

"அதெல்லாம் வேணாம்."

"நெஜமா இருக்கணும்னு நீதானடா சொன்ன?"

"மிஷினுக்கு எத்தினி ரூல் வேணா போடு. டயர்டா கீறேன்னு பைலட்டு ஒத்துகினா, எவன் மச்சான் அவன மறுபடி ஏத்துவான்?"

அன்று நீ பேசியது ஆட்டத்தைப் பற்றி அல்ல.

அந்த மழைக்காலத்தில் ஒரு காலை, டபுள் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் திரும்பும் வழியில், நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினாய். பிரேக் பிடித்த தடமே இல்லை என்றார் போலீஸ்காரர். கான்ட்ராக்டர் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார். கைகூப்பி நிற்கும் அவர் படம் உன் படத்தைவிடப் பெரியது. "ஷிஃப்ட்டு முடிஞ்சப்புறம் நடந்ததும்மா, கம்பெனிக்கு சம்பந்தமில்ல" என்று உன் அம்மாவிடமே சொன்னார். மறுநாள் உன் மிஷினில் வேறொருவன் நின்றான்.

போன மாதம் சூப்பர்வைசர் என்னிடம் கேட்டார். "டபுள் பாக்குறியா?"

"முடியல அண்ணே. டயர்டா கீது."

அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "ஊட்டாண்ட போய் நல்லா தூங்கு நைனா. கூப்டா வா."

கூப்பிடவே இல்லை. என் அம்மா அரிசி டப்பாவை ஆட்டிப் பார்த்தாள். நானே போய் கம்பெனி கேட்டில் நின்ற பிறகுதான் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். வேறு கம்பெனிக்குப் போகலாம்தான். அங்கேயும் இதே கான்ட்ராக்டர், அல்லது அவர் மச்சினன். இப்போதெல்லாம் டபுள் என்றால் தலையாட்டிவிடுகிறேன்.

ஆனால் காலையில் திரும்பும்போது இமை ஒருமுறை தாழ்ந்தால் போதும், அந்த இடத்திலேயே வண்டியை ஓரங்கட்டிவிடுகிறேன். ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்து மண்ணிலேயே படுத்துவிடுகிறேன். வாக்கிங் போகிற ஒருவர் நேற்று நின்று பார்த்தார். "காலைலயே ஊத்திகினு வந்துட்டான் பாரு." சொல்லிவிட்டுப் போகட்டும். கண் முழுசாகத் தெளியும்வரை சாவியைத் தொடுவதில்லை. நீ சேர்க்கவிடாத அந்த விதி இவ்வளவுதான், இதற்கு மேல் எனக்கும் போடத் தெரியவில்லை.

வீட்டுக்கு லேட்டாகத்தான் போகிறேன், மச்சான். போய்விடுகிறேன்.