ஓடையில் கொட்டிய மண்

வியாழக்கிழமை, இரவு.

நாங்கள் இந்த நகருக்குக் குடிவந்தபோது சுற்றிலும் வயல்தான். இப்போது தொண்டூர், அனந்தபுரம் பக்கமிருந்து பிள்ளைகள் படிப்புக்காகச் செஞ்சிக்கு வந்தவர்கள் நெருக்கி நெருக்கி வீடு கட்டிவிட்டார்கள். சமையலறை ஜன்னலில் தெரிந்த கோட்டை மலை பாதி மறைந்துவிட்டது.

இன்று காலை வீட்டுக்குப் பின்னால் உள்ள ஓடையில் ஒரு லாரி மண்ணைக் கொட்டியது. இந்தப் பக்கத்து மழைத் தண்ணீர் ஏரிக்குப் போக அது ஒன்றுதான் வழி. டிரைவரிடம் கேட்டேன்.

"ரோடு போடப் போறாங்கம்மா" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மதியம், எங்களுக்கு மனை வாங்கிக் கொடுத்த புரோக்கர் வந்தார். இத்தனை வருஷமாக எட்டிப் பார்க்காத மனிதர்.

"வீட்ட குடுக்கிற எண்ணம் இருக்குதாம்மா? மழைக்கு முன்னாடி குடுத்துட்டா நல்லது."

"மழைக்கும் வீட்டுக்கும் இன்னா சம்பந்தம்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிட்டார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் லாரி வந்ததை மட்டும் சொன்னேன். சட்டையைக் கழற்றியபடியே, "அதான், அந்த ஆளு கேக்கும்போதே குடுத்துட்லாம்" என்றார்.

புரோக்கர் வந்ததை நான் சொல்லவே இல்லை.

"எந்த ஆளு?" என்றேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். சாப்பிடும்போதும் தலை நிமிரவில்லை.

வீடு என் பெயரில்தான் இருக்கிறது. விடிந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போய் ஓடையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவரிடம் சொல்லவில்லை. பக்கத்தில்தான் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். தூங்குகிறவர் மூச்சு இப்படி இருக்காது.