அலமாரிக் கதவுக்குச் சுண்ணாம்பு

என்னங்க,

எழுப்ப மனசு வரல, காலை ஷிப்டுக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு. வெளிய போனா சாவியை மாடிவீட்டு அக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க.

அந்தப் பைன் மரக் கதவை வாசல்ல போட்டு உப்புத்தாளால முழுசா தேய்ச்சுட்டேன். தோள்பட்டை கழண்டுபோச்சு. சுண்ணாம்பைப் பால் மாதிரி தண்ணியா கரைச்சு, இன்னிக்கு ஒரே ஒரு கை அடிங்க. காயறதுக்குள்ள ஈரத்துணியால மரத்தோட வரி போற போக்குலயே துடைச்சிடணும். வெள்ளைக்குள்ள மரம் தெரியணும். நேத்து மூணு கை அடிச்சு அதைச் சுவராக்கிட்டீங்க.

அதுக்காக, "இருவது வருஷமா பெயிண்டரு, கண்ணு மட்டும் தெரியாது"ன்னு உங்க தம்பி முன்னாடி கத்தினது தப்புதான். தேய்க்கும்போதுதான் பார்த்தேன், நடுவுல இருக்கிற கணு மேல மட்டும் சுண்ணாம்பு அப்படிக் கெட்டியா இருந்துச்சு. கதவு வந்த அன்னிக்கு, "இந்தக் கணு கண்ணு மாதிரி என்னையே முறைக்குது"ன்னு நான்தானே சொன்னேன்! சொன்னவளே மறந்துட்டேன். நீங்களும் வாயைத் திறந்து சொல்லல.

துணி கொடியில இருக்கு. புது துண்டை எடுத்துத் துடைச்சீங்க, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, இந்தச் சீட்டுல இடம் பத்தல: கணுவை மறைக்க வேண்டாம், இருந்துட்டுப் போகட்டும். உங்களை முறைக்க எனக்கும் ஒரு துணை வேணும்ல?