செவர்லே உறுமிய காலை

அன்புள்ள அம்மாவுக்கு ராஜமாணிக்கம் வணங்கி எழுதுவது. யாங்கோனில் நான் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

இப்போது இந்த ஊரின் க்யிம்யிண்டைங் பகுதியில் டோ கின் சோ என்கிற அம்மாவின் வீட்டிலேயே தங்கி, அவர் மகனுடைய பழைய அமெரிக்கச் செவர்லே காரைப் பழுது பார்க்கிறேன். மகனைப் போன வருஷம் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு சேதியும் இல்லை. அவன் வரும்போது வண்டி ஓட வேண்டுமாம்.

நேற்றுக் காலை கார்புரேட்டரைச் சுத்தம் செய்து மாட்டியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு, "மகனே, வந்துட்டியா!" என்று பர்மிய மொழியில் கூவியபடி அந்த அம்மா வெறுங்காலோடு ஓடிவந்தார். பதறி நிமிர்ந்ததில் பானெட் என் நெற்றியில் இடித்துவிட்டது. இரண்டு தையல்தான், பயப்படாதீர்கள்.

என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். இன்ஜினை நிறுத்தப் போனேன்.

"நிறுத்தாதே. கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பெட்ரோல் தீரும்வரை நானும் பக்கத்திலேயே நின்றேன்.

நம் ஊர் மோல்மீனிலிருந்து யாராவது இங்கே வந்தால் ஊறுகாயும், போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். தம்பி இங்கே வேலைக்கு வருகிறேன் என்றால் விடாதீர்கள்.

அந்த அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார், தன் மகன் பெயரைச் சொல்லி. போகிறேன்.

உங்கள் மகன்
ராஜமாணிக்கம்