உன் பேர் வெட்டிய தூக்குவாளி

கடைக்குப் போய்வந்த நேரம் போக, காலையிலிருந்து உன் தூக்குவாளியைத் துலக்கிக்கொண்டே இருக்கிறேன். எவ்வளவு தேய்த்தாலும் மூடிக்குள் நோன்புக் கஞ்சியின் பூண்டு வாசம் போகமாட்டேன் என்கிறது. வாசம் வாளியில் இருக்கிறதா, என் மூக்கில் இருக்கிறதா, தெரியவில்லை. நாளை உன் மகளுக்கு நிக்காஹ். உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் அடுப்படிக்குப் போய் எதற்கு வந்தேன் என்று நிற்கிறேன்.

இத்தனை வருஷச் சிநேகிதத்தில், விசேஷ வீட்டுக்குப் பணமா பொருளா என்பதில்தானே நமக்குச் சண்டையே! செம்பட்டியோ ரெட்டியார்சத்திரமோ, எந்த ஊர் விசேஷமானாலும் நான் கவரோடு கைவீசி வருவேன். நீ எவர்சில்வர் குடத்தை இடுப்பில் ஏந்தி வருவாய். கண்டக்டர் முறைத்தால், "மடியில உக்காரும்ணே, அரை டிக்கெட் போடுங்க" என்பாய். பஸ்ஸே சிரிக்கும்.

குடத்தில் உன் பேரை வெட்டாமல் பாத்திரக் கடையை விட்டு இறங்கவும் மாட்டாய். "பேரில்லாத பாத்திரம் பரண்ல ஏறி அடுத்த கல்யாணத்துக்குப் போயிரும்டி. எம்பேரு இருந்தா எவளுக்குத் தள்ளிவிடுவா?"

"அந்தப் புள்ளைக்குக் காசுதாண்டி உதவும்" என்று நான் பெரிய மனுஷி மாதிரி பேசுவேன். உண்மை என்னவென்றால், கவர் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். பாத்திரம் வாங்க வெயிலில் அலைய வேண்டும். அதைக் கண்டுபிடித்தவளும் நீதான்.

என் புதுமனைக்கு நீ கொடுத்தது இந்த வாளி. நோன்பு வந்தால் திரும்ப வாங்கிப்போய்க் கஞ்சி நிரப்பி அனுப்புவாய். பரண் ஏற அதற்கு நேரமே இருந்ததில்லை. நீ போன பிறகும் நான் ஏற்றவில்லை.

உன் பேர் வெட்டியதை உலகத்தில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் தள்ளிவிட முடியும் என்று திடீரென்று தோன்றியது. நேற்று பேகம்பூரில் உன் வீட்டுக்குப் போய், உன் மகள் முன்னால் கவரையும் வாளியையும் வைத்து, "எது வேணும், சொல்லு" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படியே உன் சிரிப்பு.

"காசு வேணாங்கல சின்னம்மா, பெங்களூர்ல வீட்டு அட்வான்ஸ் கட்டணும். ஆனா இந்த வாளியத் தூக்கிட்டுப் போயிருங்க. அம்மா பேரு இந்த வீடு பூராம் கெடக்கு, கரண்டியக்கூட விடல. உங்க பேர வெட்டி ஒண்ணு குடுங்க."

"எம்பேரு எதுக்குடி?"

"அவரோட சண்ட போட்டா கோவிச்சுக்கிட்டு வர ஒரு வீடு வேணும்ல? அம்மாதான் இல்லையே."

கவரையும் வாளியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று மத்தியானம் திண்டுக்கல் போய்ப் புது வாளி வாங்கினேன். "என்ன பேருக்கா வெட்டணும்?" என்றார் கடைக்காரர். கவர் கொடுத்தால் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். இதைக் கொடுத்தால் அவள் எந்த நேரம் கதவைத் தட்டினாலும் நான் திறக்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை ஏதடி? என் மருமகளைக் கேட்டுப் பார். கடைக்காரர் மறுபடி கேட்டார். என் பேரைச் சொன்னேன். மெஷின் டர்ரென்று ஓடி முடிகிறவரை பல்லெல்லாம் கூசியது.

கவரைப் புது வாளிக்குள்ளேயே போட்டுவிட்டேன். திட்டாதே, அட்வான்ஸ் கட்ட வேண்டுமாம்.

திரும்பும்போது பஸ்ஸில் வாளி மடியில் இருந்தது. கண்டக்டர் பார்த்தார். "அரை டிக்கெட் போடுங்கண்ணே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் இன்னும் கொஞ்சம் பழகவேண்டும்.