பதினேழு டேப்லெட்டுகளில் பழைய எண்

மார்ச் 3, செவ்வாய்
கார்னிவல் முடிந்து இரண்டு வாரமாகியும் உடம்பில் அசதி போகவில்லை. ஆம்புலன்ஸ் மையம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. மலைமேல் இருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு சுகாதார நிலையங்களிலும் ஒரு டேப்லெட் கணினி உண்டு. அதன் சிவப்புப் பொத்தான் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பது என் கணினியிலிருந்துதான் போகிறது. ‘அவசர எண்’ என்பதற்கு எதிரே புது எண்ணை ஒருமுறை அடித்தேன். திரையில் எல்லாம் பச்சை; எல்லா நிலையத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மார்ச் 5
மழை. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று கூப்பிட்டவர்கள் பதினொரு பேர்.

மார்ச் 9, திங்கள்
கீயாபம்பா நிலையத்து நர்ஸ் செனோபியா கூப்பிட்டார். நேற்று ஒரு பிரசவத்தில் இரத்தம் நிற்கவில்லையாம்.
“நாலு தடவ அழுத்துனேன் யோவானா. மணி அடிச்சிக்கிட்டே இருக்கு, எடுக்க ஆளில்ல. கடைசியில உருளைக்கிழங்கு லாரியில ஏத்திக்கிட்டுப் போனோம்.”
தாய் பிழைத்துவிட்டாள். குழந்தை —
எழுத முடியவில்லை.

மார்ச் 10
ஒரு டேப்லெட்டுக்கென்று தனியாக எண் கொடுத்திருந்தால், பொது எண் அங்கே செல்லாது. பதினேழு டேப்லெட்டுகளில் அப்படிப் பழைய எண் கிடந்தது. மையம் காலி செய்த பழைய கட்டடத்தில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.
யார் போட்டது? பதிவில் என் பெயர். நவம்பரில் சோதனைக்காகப் போட்டேன், நீக்க மறந்தேன். பச்சையா தெரிஞ்சா போதுமா? ஒண்ணையாவது அழுத்திப் பாக்கச் சொல்லியிருக்கக் கூடாதா நான்?
பதினேழையும் நீக்கினேன். ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிட்டு அழுத்திப் பார்க்கச் சொன்னேன். சாயங்காலம் ஆகிவிட்டது. சாப்பிடவில்லை.

மார்ச் 12
மேலதிகாரி, இன்ஜினியர் ருஃபினோ, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:
“அந்த நர்ஸ் டேப்லெட்ட அணைச்சே வெச்சிருந்தாள்னு அறிக்கை எழுதிடு. யாரு மலையேறிப் போய்க் கேக்கப் போறா?”
“அணைக்கலையே, இன்ஜினியர்.”
“உனக்கு இந்த வேலை வேணுமா, வேணாமா?”
என் மேசைக்கு வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்திட்டு, அவரைத் தாண்டி இயக்குநருக்கே அனுப்பினேன். செனோபியாவுக்கும் ஒரு பிரதி. அவ்வளவு தைரியசாலி இல்லை நான். பொய்யை யோசித்து எழுதத் தெம்பில்லை.

மார்ச் 13
செனோபியா கூப்பிட்டார். “படிச்சேன்” என்றார்.
“அந்தப் பொண்ணுகிட்ட நான் என்னன்னு சொல்ல?”
“என் பேரச் சொல்லுங்க.”
வைத்துவிட்டார்.

மார்ச் 30, திங்கள்
கணினிக்கான கடவுச்சொல்லைப் பறித்துக்கொண்டார்கள். இன்று முதல் ஆம்புலன்ஸ் மையத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஒன்பது அழைப்புகள் வந்தன. ஒன்பதையும் முதல் மணியிலேயே எடுத்தேன்.