மதிய மாத்திரையை நிறுத்திய மாதம்

நேற்று ஒண்டிக்கடையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஒரு மனிதர் வெட்டி வெட்டி இழுத்தபடி கீழே விழுந்தார். "சாவி, சாவி, யாராச்சும் இரும்புச் சாவி குடுங்க" என்று கூட்டம் கத்தியது. யோசிப்பதற்கு முன்பே என் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. பையில் ஒன்றும் இல்லை. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டு, தானாக அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் தெளிந்து எழுந்து, என்ன நடந்தது என்று என்னிடமே கேட்டார். வீட்டுக்கு வந்தும் அந்தக் காலிப் பையை இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டேன். அதுதான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் காப்பி எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டர், நீ ஜீப் டிரைவர். ஒருநாள் ஜீப்பை ஆபீஸ் வாசலில் நிறுத்தி இறங்கிய கையோடு உனக்கு முதல் வலிப்பு வந்தது. நல்லவேளை இறங்கியிருந்தாய் என்று எல்லோரும் சொன்னார்கள். மேனேஜர் உன்னை ஸ்டோருக்கு மாற்றினார். அதன்பின் உரச் சாக்குகளுக்கு நடுவில் பேச்சற்றுக் கிடந்தாய். கொஞ்ச காலம் கழித்து, போர்டிங் பள்ளியில் படித்துப் போன ஒரு பையன் விட்டுச்சென்ற கியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நின்றாய். டயர் ஒவ்வொன்றும் தடித்தடியாய் இருந்தது. "ஜீப்பு போற ரோடெல்லாம் நமக்கு அத்துப்படி ரைட்டரே. ஜீப்பு போவாத தடத்தையெல்லாம் இனிப் பாத்துப்போடோணும்" என்றாய். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் உன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். நானோ குனிந்து பிரேக் பிடிக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன்.

அந்த வருடம் ரமலான் மாதம் காப்பி பூத்த சமயத்தில் வந்தது. மழை விழுந்து, மலை முழுக்க வெள்ளை வெளேரென்று கிடந்தது. வலிப்பு கண்ட பிறகு நீ நோன்பு வைக்காமல் இருந்தாய். நாளுக்கு மூன்று வேளை மாத்திரை, தவறக் கூடாது என்பது சேலத்து டாக்டரின் கண்டிப்பு. நோயாளிக்கு விலக்கு உண்டு, பதிலுக்கு ஒரு ஏழைக்குச் சோறு போட்டால் போதும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொல்லியிருந்தார். அந்த வருடம் மட்டும் நீ யார் பேச்சையும் கேட்கவில்லை. விடியலுக்கு முன் ஸஹர் நேரத்தில் ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று. மதிய மாத்திரையை நிறுத்திவிட்டாய். நான் மல்லுக்கு நின்றேன். "நோயாளிக்குத்தான் அந்தச் சலுகை. ஒரு மாசமாவது நோயாளியில்லாம இருந்து பாக்கறன், உடு" என்றாய்.

மறுநாள் உன் மனைவி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. உள்ளே வா தங்கச்சி என்றாலும் வரவில்லை. "ஏனுங்ண்ணா, அவரு சாயங்காலமானா சைக்கிளத் தூக்கிக்கிட்டு நோம்புத் தொறக்கற வரைக்கும் காடு மேடெல்லாம் சுத்தறாரு. தனியா உட்டுறாதீங்க. எங்கியாச்சும் வளைவுல வந்துருச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு பெரிய இரும்புச் சாவியை என் கையில் திணித்தது. சாவியால் வலிப்பு நிற்காது என்று டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். ஆனாலும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பயந்தவனுக்கு டாக்டரும் வேண்டும், சாவியும் வேண்டும்.

அன்று முதல் அரைக்கால் சட்டைப் பையன்கள் சிரிக்கும்படி நான் என் பழைய சைக்கிளில் உன் பின்னால் அலைந்தேன். ஏற்றத்தில் நீ கியரை மாற்றி மாற்றி மிதித்துப் போவாய். நான் தள்ளிக்கொண்டு வருவேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, ஓடைக் கரையில், சாமை அறுத்த காட்டு வரப்பில் என்று எங்கே வழி தெரிந்தாலும் அங்கே புகுந்துவிடுவாய். பூவைப் பார், கீழே தெரியும் ஊரைப் பார் என்று கை காட்டுவாய். நான் எதைப் பார்த்தேன்? உன் தோளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அது லேசாகத் துடித்தாலும் பாய்ந்து பிடிக்கவேண்டுமே என்று.

வாழவந்திக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ராகி புடைத்துக்கொண்டிருந்தார்கள். நம்மைப் பார்த்ததும் அந்த அம்மா சொம்போடு வந்தது. "ஏனுங்க, நொம்பக் களச்சுப் போயிட்டீங்க. ஒரு வாய் தண்ணி குடிங்க."

"நோம்புங்க" என்றாய் நீ.

சொம்பு என் பக்கம் திரும்பியது. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. உன் எதிரில் குடிக்க மனம் வரவில்லை. "எங்க சர்ச்சுலயும் இப்பத் தவக்கால விரதமுங்க" என்றேன். தெருமுனை திரும்பும்வரை அடக்கிக்கொண்டு வந்தவன், அப்புறம் ஹேண்டில்பாரில் சாய்ந்து சிரித்தாய். "தவக்காலத்துல தண்ணி குடிக்கக் கூடாதுன்னு உங்க சாமியாரு எப்பச் சொன்னாரு?" பிறகு நீயே திரும்பிப் போய் அந்தச் சொம்பை வாங்கிவந்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்றாய்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது மூடுபனியாய் மஞ்சு இறங்கிய அந்தச் சாயங்காலம்தான். வெள்ளக்கடை இறக்கத்தில் நீ பிரேக்கைத் தொடாமல் விட்டாய். "மெதுவாப் போ, மெதுவாப் போ" என்று நான் கத்தக் கத்த, வெள்ளைக்குள் புகுந்து காணாமல் போனாய். நான் இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி இறங்கினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. வளைவில் உன் சைக்கிள் சரிந்து கிடந்தது. நீ இல்லை. ரோட்டோரச் சரிவை எட்டிப் பார்த்தேன்; மஞ்சு தவிர எதுவும் தெரியவில்லை. தங்கச்சியின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதுதான் எனக்குள் ஓடியது.

ரோட்டுக்கு மேற்புறம் காப்பி காயப்போடும் களம் ஒன்று இருந்தது. மஞ்சு கொஞ்சம் விலகியதும் பார்த்தேன், களத்தின் நடுவில் முகம் தரையில் பட நீ கிடந்தாய். எப்படி ஓடினேனோ தெரியாது. சாவியை உன் உள்ளங்கைக்குள் திணித்து, தோளைப் பிடித்து ஒருக்களிக்கத் தள்ளினேன். நீ புரளவில்லை. மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தாய். உன் உதடு அசைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் தரையில் விரித்த துண்டு என் கண்ணில் பட்டது. சாயங்கால அஸர் தொழுகை. நீ தொழுகையை விடவில்லை. சாவியோடேயே முடித்து, வலப்பக்கம் ஸலாம் சொன்னாய், இடப்பக்கம் சொன்னாய். இடப்பக்கம் நான் நின்றிருந்தேன்.

"தொழுதுட்டு இருக்கறவனக் கவுத்துப் போடப் பாத்தியே ரைட்டரே."

"சைக்கிள் கீழ கெடந்துச்சே, பாவி."

"ஸ்டாண்டு இல்லாத சைக்கிளு. படுக்காம வேறென்ன பண்ணும்?"

நான் அழுதேன். கெட்ட வார்த்தையும் சொன்னேன், நோன்பாளி என்றுகூடப் பார்க்காமல். நீ சாவியைத் துடைத்து என் பையிலேயே திரும்பப் போட்டாய். "பயப்படறதுக்குப் பின்னால ஒரு ஆளு வருதுன்னுதான் நான் பிரேக்க உடறேன்" என்றாய். அதைக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அந்த மாதம் உனக்கு வலிப்பு வரவே இல்லை. பெருநாள் கழிந்ததும் விஷயம் தெரிந்து, தப்பித்தது அதிர்ஷ்டம் என்று டாக்டர் உன்னைத் திட்டித் தீர்த்தார். நீ மறுபேச்சில்லாமல் மதிய மாத்திரையை மீண்டும் போட ஆரம்பித்தாய். அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தாய். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது மாரடைப்பு. அத்தனை வருடம் நான் பயந்த விஷயம் அதுவல்ல.

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து எல்லோரும் போனபின், தங்கச்சியிடம் சொன்னேன்: அன்றைக்கு நீ மட்டும் வந்து சொல்லாமல் இருந்திருந்தால் நான் அவனோடு போயிருக்கவே மாட்டேன் என்று.

"நானா வரலீங்ண்ணா. அவருதான் அனுப்பிச்சாரு. 'நொம்பப் பயமா இருக்குது, ரைட்டர வரச்சொல்லு. நான் சொன்னதாச் சொல்லாத'ன்னாரு. ஊட்டுக்கு வந்ததும் தெனமும் சொல்வாருங்க, 'பின்னால அவன் சைக்கிளுச் சத்தம் கேக்குதான்னு காதக் குடுத்துக்கிட்டேதான் போனேன்'னு."

உன் தோளை மட்டுமே பார்த்து வந்த எனக்கு இது தெரியவில்லை. பயம் முழுவதும் என்னுடையது, தைரியம் முழுவதும் உன்னுடையது என்று நினைத்தே இத்தனை காலம் அதைச் சுமந்தேன். இன்றும் யாராவது சைக்கிளில் இறக்கத்தில் போனால், வளைவு தாண்டி மறையும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். இந்தப் பயம் உன்னிடமிருந்து வந்ததுதான், இருக்கட்டும்.

ஆனால் என்னிடமே நேராகச் சொல்லியிருக்கலாம் நீ. நான் பின்னால் வந்திருக்க மாட்டேன், பக்கத்திலேயே வந்திருப்பேன்.